உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரைத் தேடி நடந்த தாய்லாந்து மன்னர்

தாய்லாந்தில் 70 ஆண்டுகள் அரியணையில் இருந்த மன்னர் பூமிபோல் அதுல்யதேஜ் பிறந்தது அமெரிக்காவில்! 1927-ல் அவருடைய தந்தை இளவரசர் மஹிதோல் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிள்ளை பிறந்தது. அந்த ஊரில் இன்றும் அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது.

அவர் மன்னராவார் என்று யாரும் நினைக்கவில்லை. 1946 ஜூன் 9 அன்று அண்ணன் மன்னர் ஆனந்த மஹிதோல், அரண்மனையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். அன்றே 18 வயதுத் தம்பி அரசரானார். சுவிட்சர்லாந்தில் அறிவியல் மாணவராக இருந்தவர், திரும்பிப் போய்ச் சட்டமும் அரசியலும் படித்தார். 1948-ல் அங்கே நடந்த கார் விபத்தில் வலது கண்ணின் பார்வை போனது.

1950 மே 5-ல் முடிசூட்டு விழா. பௌத்த நாடுதான், ஆனால் சடங்கை நடத்தியவர்களில் அரசவை அந்தணர்களும் உண்டு. இவர்களின் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள் என்பார்கள். பாங்காக்கில் உள்ள தங்கள் கோயிலில் ஆண்டுதோறும் இவர்கள் நடத்தும் ‘திரியம்பாவாய்’ விழாவில் ஒலிப்பது நம் திருவெம்பாவை மரபு.

1967 தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகுப் பந்தயத்தில் தங்கம் வென்றார் மன்னர். அதே தங்கத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டவர் அவருடைய மகள் உபோல்ரதனா. மன்னர் சாக்ஸபோனும் வாசிப்பார்; 1960-ல் நியூயார்க்கில் ஜாஸ் மேதை பென்னி குட்மேனுடன் சேர்ந்து வாசித்தார்.

1965-ல் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ 50 திலேப்பியா மீன்களைப் பரிசாக அனுப்பினார். மன்னர் அவற்றைச் சித்ரலதா அரண்மனைக் குளத்தில் வளர்த்துப் பெருக்கினார். மறு ஆண்டே 10,000 குஞ்சுகள் மீன்வளத் துறைக்குப் போயின. இன்று ‘ப்ளா நில்’ என்ற பெயரில் ஏழை பணக்காரர் எல்லோர் தட்டிலும் விழுகிற மீன் அதுதான். அரச பரிசு ஒன்று இத்தனை வயிறுகளை நிறைத்தது அபூர்வம்.

ஆனால் அவருடைய மனம் முழுக்க இருந்தது தண்ணீரில்தான். அவர் காலத்துப் பழைய 1,000 பாட் நோட்டு ஒன்றின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கழுத்தில் கேமராவும் கையில் வரைபடமுமாக நிற்பார், கூடவே பாசக் அணை. 1955-ல் வறண்ட வடகிழக்குப் பகுதிக்குப் போனபோது, மேகம் திரண்டும் பொழியாமல் போவதைக் கண்டார். அங்கே பிறந்த செயற்கை மழை யோசனை, 1969-ல் காவ் யாய் பகுதியில் முதல் சோதனையாக வானில் ஏறியது. அழுக்கு நீருக்குக் காற்றூட்டும் துடுப்புச் சக்கர இயந்திரத்துக்கு 1993-ல் காப்புரிமை பெற்றார்.

பாங்காக் வெள்ளத்துக்கு அவர் சொன்ன வழியின் பெயர் ‘கேம் லிங்’, அதாவது குரங்குக் கன்னம். குரங்கு வாழைப்பழத்தைக் கன்னத்தில் அதக்கிவைத்துப் பிறகு மெல்லுமே, அப்படி மழைநீரைக் குளங்களில் தேக்கிவைத்துக் கடல் வற்றும் நேரத்தில் வெளியேற்றுவது.

வட மலைகளில் பழங்குடி மக்கள் அபின் பயிரிட்டுவந்தார்கள். பயிரை அழித்தால் பசிதான் மிஞ்சும் என்று உணர்ந்து, 1969-ல் அவர் தொடங்கிய திட்டம் பீச், ஸ்ட்ராபெரி, காபி எனக் கைக்குப் பணம் தரும் பயிர்களைக் கொண்டுவந்தது. 1988-ல் அதற்கு மகசேசே விருது கிடைத்தது. மலைச்சரிவில் மண் அரிக்காமலிருக்க வெட்டிவேரை வரிசையாக நடச் சொல்லிப் பரப்பியவரும் அவரே. என்னைக் கேட்டால், அவர் ஆட்சியின் மிகப் பெரிய சாதனை இந்த மலைகளில்தான் இருக்கிறது.

அவர் காலத்தில் ராணுவப் புரட்சிகள் பல நடந்தன. அரசமைப்புச் சட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1992 மே மாதம் அரசுக்கு எதிரான போராட்டத்தில் தெருவில் ரத்தம் சிந்தியபோது, பிரதமர் சுச்சிந்தாவையும் எதிரணித் தலைவர் சாம்லாங்கையும் அழைத்து முன்னால் அமர்த்தி அறிவுறுத்தினார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சுச்சிந்தா பதவி விலகினார். இன்னொரு பக்கம், மன்னரை அவமதித்தால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது நாட்டின் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. தன்னையும் விமர்சிக்கலாம் என்று 2005 பிறந்தநாள் உரையில் அவரே சொன்ன பிறகும் அந்தச் சட்டம் தளரவில்லை. இது வருத்தத்துக்குரியது.

2016 அக்டோபர் 13-ல், 88 வயதில் மறைந்தார். உடலை ஓராண்டு வைத்திருந்தார்கள். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் 1 கோடிக்கும் மேல். அவர் பிறந்த டிசம்பர் 5-ஐத்தான் ஐ.நா. சபை உலக மண் நாளாகக் கடைப்பிடிக்கிறது.