விற்காத தட்டும் கலங்கிய பறவைகளும்

1977இல் கல்கத்தாவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது: 'சங்பிக்ன பாக்கிகுல் ஓ கல்கத்தா பிஷயக்'. கலங்கிய பறவைகளையும் கல்கத்தாவையும் பற்றியது என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வெளியிட்ட குழு 'மொஹீனேர் கோராகுலி', மொஹீனின் குதிரைகள். பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுத்தது. பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடிய கௌதம் சட்டோபாத்யாய் குழுவின் மையம். நக்சல்பாரி அரசியலில் சிறை சென்றவர். தட்டு விற்கவில்லை.

'ஜனங்களுக்குப் புரியலை' என்பது இதற்குச் சோம்பேறித்தனமான பதில். காது இயற்கையானதல்ல, பழக்கப்படுத்தப்பட்டது. ரவீந்திர சங்கீதம், சினிமாப் பாட்டு, இடதுசாரி மேடையின் கண சங்கீதம் என அன்றைய வங்காளக் காதுக்கு வாசல்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தன. இவர்களோ பாவுல் மெட்டோடு கிடாரையும் சாக்ஸபோனையும் வயலினையும் சேர்த்தார்கள். காதலும் நகரமும் அரசியலும் ஒரே மூச்சில். முழக்கமும் இல்லை, பூஜையும் இல்லை. இதை எந்த அலமாரியில் வைப்பது? 1978, 1979 தட்டுகளுக்கும் அதே கதிதான். 1981 வாக்கில் குழு கலைந்தது.

நம்ம பக்கம் பார்ப்போம். 1976இல் 'அன்னக்கிளி'. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் திரிந்த இளையராஜா, நாட்டார் மெட்டையும் மேற்கத்திய வாத்தியங்களையும் இணைத்தபோது தமிழகமே கேட்டது. அவர் மேதைமையில் சந்தேகமில்லை. ஆனால் சினிமா என்ற வண்டி இல்லாமல் அந்த இணைப்பு ஊர் ஊராய்ப் போயிருக்குமா?

1995 கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் கௌதம் 'ஆபார் பொச்சோர் குரி போரே' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதை அவர்கள் 'சம்பாதித' என்றார்கள். அதாவது தொகுத்துப் பதிப்பித்தது. மற்றவர் பாட்டுக்கும் அதில் இடம். கிட்டத்தட்ட ஒரு சிறுபத்திரிகை இதழ்! இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பழைய தட்டுகளையும் தேடினார்கள். 1999இல் கௌதம் இறந்தார். அந்தத் தொகுப்பின் 'ப்ருதிபீட்டா நாக்கி' மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகீ பீகீ'யாக நாடெங்கும் ஒலித்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கௌதமைத் தெரியும்?

'நல்லது என்னைக்காவது ஜெயிக்கும்' என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. நான் இருக்கும் வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம். அதுக்கு யாரும் பில் போடுறதில்லை. ஆனால் உரம் யார் தந்தது என்று ஊருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். சந்தை எச்சத்தை எடுத்துக்கொள்ளும், பறவையைக் கேட்காது. நாமும் சளைத்தவர்களல்ல. சினிமாவுக்கு வெளியே ஒருவர் பாடினால் 'இதுல அரசியல் எங்கே?' என்று சான்றிதழ் கேட்கிறோம்; போன பிறகு சிறப்பிதழ் போடுகிறோம். விற்காத தட்டு வெளிவரும்போதே அதைப் பற்றி எழுதுவது, பெயர் சொல்லிச் சண்டை போடுவது, காசு கொடுத்து வாங்குவது: இவற்றையும் செயல்பாடு என்றே நான் கருதுகிறேன்.