கசப்பில் இருக்கிறது ருசி
மலேரியா மருந்தில் பிறந்த டானிக், இன்று கோவா ஜின்னுடன் வீட்டு வரவேற்பறைக்கு வந்திருக்கிறது

ஷேக்கர் வேண்டாம். பயிற்சியும் வேண்டாம். உயரமான கண்ணாடி டம்ளர், ஐஸ், எலுமிச்சை, ஜின், டானிக் வாட்டர். ஜின் அண்ட் டானிக் கலக்க இவ்வளவே போதும். ஆனாலும் பல வீடுகளில் அது வெறும் தித்திப்புத் தண்ணீராகிவிடுகிறது. காரணம், டானிக் தீர்ந்துபோனால் எலுமிச்சை சோடாவை ஊற்றிச் சமாளிப்பது. இந்தப் பானத்தின் உயிரே டானிக்கின் கசப்புதான்.

அந்தக் கசப்பு கொய்னாவுடையது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெலத்தியேவும் கவந்துவும் அதைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு அஞ்சிய ஆங்கிலேய அரசு, 1860களில் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் சிங்கோனா பயிரிட்டது. கொய்னா கலந்த டானிக்கிற்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் 1858இல் காப்புரிமை பெற்றார்.

கசப்பு மருந்தை விழுங்கச் சிப்பாய்கள் ஜின் கலந்தார்கள் என்பது காலம்காலமாகச் சொல்லப்படும் கதை. கிடைத்திருக்கும் பழைய அச்சுக் குறிப்பு வேறு விதம். 1868இல் ‘ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்’ இதழில், குதிரைப் பந்தயம் முடிந்த கூட்டம்தான் ஜின் அண்ட் டானிக் கேட்கிறது. ஆக, அப்போதே அது உல்லாச பானம்.

இன்றைய டானிக்கை மருந்தென்று நினைப்பதும் வீண். அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டரில் 83 மில்லிகிராம் கொய்னாவுக்கு மேல் கூடாது. மலேரியா சிகிச்சைக்கான ஒரு நாள் அளவோ சுமார் 1.8 கிராம். அதற்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்!

ஜின்னும் இப்போது உள்நாட்டுச் சரக்கு. கோவாவில் 2017இல் ‘கிரேட்டர் தேன்’, அடுத்த ஆண்டில் ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’ என வரிசை தொடங்கியது. ‘ஹபூசா’ ஜின்னில் இமயமலை ஜூனிபர் சேர்கிறது. ஜூனிபரின் சமஸ்கிருதப் பெயரே அதன் பெயர்.

கலக்கும் முறை எளிது. டம்ளரை விளிம்புவரை ஐஸால் நிரப்ப வேண்டும். ஐஸ் குறைந்தால் சீக்கிரம் உருகி, பானம் நீர்த்துப்போகும். சிறு கிண்ணங்களில் உறையவைத்த பெரிய கட்டிகள் மெதுவாகக் கரையும். 50 மில்லி ஜின், அதைப்போல மூன்று மடங்கு டானிக். டானிக் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதே திறந்த சிறு பாட்டிலாக இருந்தால் நல்லது. டம்ளரின் உட்புறத்தை ஒட்டி மெதுவாக ஊற்றி, ஒரே ஒரு முறை கிளறினால் போதும். அதிகம் கலக்கினால் வாயு பறந்துவிடும். எலுமிச்சைத் துண்டை லேசாகப் பிழிந்து போட்டால் பானம் தயார். விரும்பினால் கசக்கிய கறிவேப்பிலை இரண்டு.

கைக்கணக்கு மட்டும் கூடாது. பாரில் ஊழியர் அளந்து ஊற்றுவார். வீட்டில் பாட்டில் கையில் சாய்ந்தபடியே இருக்கும். 42.8 சதவீத ஜின் 60 மில்லியில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கசப்பை மறைக்க டானிக்கில் சர்க்கரையும் உண்டு. நீரிழிவுக்காரர்கள் லேபிளைப் படிப்பது அவசியம். கர்ப்பிணிகளுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இது அறவே ஆகாது. மதுவிலக்குள்ள குஜராத்திலும் பீகாரிலும் வீட்டில் கலந்தாலும் சட்டம் விடாது.

மற்றவர்களுக்கு வேண்டியது, 30 மில்லி அளவுக் கிண்ணம் ஒன்று. கொய்னா மருந்தாக இருந்த காலத்திலும் அதை அளந்துதான் கொடுத்தார்கள்.