டிஸ்டோனியா: மூளைக்குள் மின்முனை, எட்டாத விலை

புது தில்லி: கழுத்து தானாகவே ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். நடக்க முயன்றால் பாதம் உள்நோக்கி மடங்கும். டிஸ்டோனியா எனப்படும் இந்தத் தசை முறுக்கு நோய்க்கு 1911-ல் பெயர் சூட்டியவர் ஜெர்மனியின் நரம்பியல் நிபுணர் ஹெர்மன் ஓப்பன்ஹைம். எனினும் பல பத்தாண்டுகள் இது மனநோய் என்றே தவறாகக் கருதப்பட்டு வந்தது. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஒரு வகைக்குக் காரணமான மரபணு 1997-ல் கண்டறியப்பட்டது.

ஓரிடத்தில் மட்டும் முறுக்கு இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுலினம் ஊசி போடப்படுகிறது. உடல் முழுவதும் பரவி, மருந்துக்கும் கட்டுப்படாதபோதுதான் மூளை ஆழ்தூண்டல் சிகிச்சை. மூளையின் அடியாழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதியில் மெல்லிய மின்முனைகள் செலுத்தப்பட்டு, மார்புத் தோலுக்கடியில் வைக்கப்படும் மின்கலக் கருவியுடன் இணைக்கப்படுகின்றன. பிரான்ஸின் கிரெனோபிளில் 1987-ல் நடுக்க நோய்க்குத் தொடங்கிய முறை இது. டிஸ்டோனியாவுக்கு அமெரிக்கா மனிதாபிமான விதிவிலக்கின் கீழ் 2003-ல் அனுமதி அளித்தது.

நடுக்கம் உடனே அடங்குவதுபோல் இந்த முறுக்கு உடனே தளர்வதில்லை. பலன் தெரிய வாரங்கள், ஏன், மாதங்களும் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குடும்பத்தார் மனம் தளர்ந்துவிடுவர். மரபு வழி வந்தவர்களுக்குப் பலன் அதிகம்; பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைவு.

தில்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் ஆகியவற்றில் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. அரசு மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் குறையலாம். பல லட்சம் ரூபாய் பெறும் இறக்குமதிக் கருவியின் விலை குறைவதில்லை. இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை மூட்டுக்கும் 2017-ல் உச்சவரம்பு விலை நிர்ணயித்த மத்திய அரசு, மூளைத் தூண்டல் கருவியை அவ்வாறு கட்டுப்படுத்தவில்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்தாகக் கருதப்படுவதால், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை உயர்த்த முடியாது என்பதே கிடைத்த ஆறுதல். ஏற்கெனவே எட்டாத விலைக்கு இது எம்மாத்திரம்?

முதல் கருவிக்கு நிதி திரட்டிவிடும் குடும்பமும் மின்கலத்தில் தடுமாறுகிறது. டிஸ்டோனியாவுக்கு அதிக மின்சக்தி தேவைப்படுவதால், மறுமின்னூட்ட வசதியற்ற மின்கலம் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும். திடீரென நின்றால் முறுக்கு மீண்டும் வந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

உரிமை கோரவும் வழி நேராக இல்லை. 2016-ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பியல் நோய்களில் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய இரண்டின் பெயர்களே உள்ளன. டிஸ்டோனியா நோயாளி, அவற்றுடன் சேர்ந்து வரும் 'போன்ற' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.