கண்ணழுத்தமும் ஒரு துளி மருந்தும்

கண்ணுக்கு வரும் பிணிகளுள் நோவினால் தம்மை அறிவித்துக்கொள்வன பல. கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயோ, பெரும்பாலும் நோவு சிறிதும் காட்டாமலே பார்வையைக் கவர்வது. கண்ணின் முற்பகுதியிலே தெளிந்த நீரொன்று இடையறாது ஊறி, இடையறாது வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஊறுதல் குன்றாதிருக்க, வெளியேறும் வழி தடைப்படுமாயின், உள்ளே அழுத்தம் மிகும். அவ்வழுத்தம் பார்வை நரம்பை ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுக நைத்துவிடும். முதலிற் கெடுவது ஓரப்பார்வையே. நேர்ப்பார்வை நன்றாயிருத்தலின் நோயாளி தன் கேட்டை உணரான். உணருங்கால், இழந்ததனை மீட்டற்கு வழியில்லை. எனவே அழுத்தத்தைக் குறைத்து எஞ்சியதைக் காத்தலே வைத்தியர் தொழில்.

இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வழங்கிய பைலோகார்ப்பின் என்னும் மருந்து, கண்மணியைச் சுருக்கிப் பார்வையை மங்கச் செய்தது. நாளொன்றுக்குப் பன்முறை இடவேண்டியும் இருந்தது. 1978-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த டிமோலால், நீர் ஊறுதலைக் குறைத்தது. ஆயினும் ஆஸ்துமாவுடையார்க்கு அஃது ஆகாது. நீர் வெளியேறும் வழியையே அகலச் செய்யும் நன்மருந்தொன்றைக் காட்டியது லாஸ்லோ பிட்டோ என்னும் ஹங்கேரியரின் ஆராய்ச்சி.

பிட்டோ 1934-இற் பிறந்தவர். 1951-இல் அந்நாட்டுப் பொதுவுடைமை அரசு அவர் குடும்பத்தைப் புடாபெஸ்ட் நகரினின்று அகற்றியது. பின்னர் அவர் நிலக்கரிச் சுரங்கத்திற் கட்டாய வேலை செய்தார். 1956-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி முறியடிக்கப்படவே, அமெரிக்கா சென்று சேர்ந்தார். ஹங்கேரிய அகதி மாணவர்க்கு இடந்தந்த பார்ட் கல்லூரியில் 1960-இற் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் எய்தி, அங்கேயே பேராசிரியரானார்.

நிற்க. புரோஸ்டாகிளாண்டின் என்பது நம் உடலின் உயிரணுக்களே ஆக்கிக்கொள்ளும் ஒரு பொருட்குடும்பத்தின் பெயர். காயம்பட்ட இடத்திற் சிவப்பும் வீக்கமும் தோன்றுதற்கு இவையும் ஏதுவாம். முயலின் கண்ணில் இவற்றை மிகுதியாகச் செலுத்தியபொழுது, கண் சிவந்து அழுத்தமும் ஏறிற்று. ஆதலின் இவை கண்ணுக்குப் பகை என்பதே அறிஞர் பலரின் துணிபாயிருந்தது. கண்ணழுத்த நோய்க்கு இதனை மருந்தாக்கலாம் என்று அந்நாளில் ஒருவர் கூறின், எரிகின்ற கூரைக்கு எண்ணெய் வார்ப்பாரென நகைத்திருப்பர்.

பிட்டோவும் அவருடன் உழைத்த காம்ராஸ் முதலியோரும் 1977-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துணிபை அசைத்தது. மயக்கமருந்து கொடாத முயல்களின் கண்ணில் அப்பொருளை மிகச் சிறிய அளவில் துளியாக இட்டபோது, அழுத்தம் ஏறவில்லை, இறங்கிற்று, பல மணி நேரம் இறங்கியே நின்றது. 1981-இற் குரங்குகளின் கண்ணிலும் அவ்வாறே கண்டனர். முன்னையோர் கண்டதும் பொய்யன்று. அளவு வேறு, முயலின் கண் சிறு ஊறுக்கும் பெரிதாய்ச் சினக்கும் இயல்பினது என்பதும் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே இவ்வாராய்ச்சியின் சிறப்பென்று யான் கருதுகின்றேன்.

ஆயினும் மனிதர் கண்ணில் இயற்கைப் பொருளை அப்படியே இட்டால் எரிச்சலும் சிவப்பும் உண்டாயின. சுவீடன் நாட்டுப் பார்மசியா நிறுவனத்தில் ஸ்டெர்ன்ஷான்ட்ஸ் என்பாரும் பிறரும் அம்மூலக்கூற்றின் வாற்பகுதியை மாற்றி அமைத்தனர். விகுதி மாறப் பொருள் மாறுதல் இலக்கணம் கற்போர்க்குப் புதிதன்று. இங்கும் வால் மாற, எரிச்சல் பெரிதும் தணிந்து குணம் நின்றது. அதுவே லட்டனோபிராஸ்ட். 1996-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. நூறாயிரம் பங்கில் ஐந்து பங்கே மருந்துள்ள நீரில், மாலைதோறும் ஒரு துளி. அழுத்தம் நூற்றுக்கு 25 முதல் 30 வரை குறைகிறது.

அஃது இயங்குமாறு வியக்கத்தக்கது. துளியிலுள்ள மருந்து கண்ணின் முன்படலத்தைக் கடக்கையில், அங்குள்ள நொதிகளால் ஒரு பகுதி அறுபட்டு, அப்பொழுதே செயலுருப் பெறுகிறது. பின்பு, வில்லையைத் தாங்கும் தசையின் உயிரணுக்கள்மேலுள்ள ஏற்பிகளிற் சென்று பொருந்துகிறது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போல்வது இது. அச்செய்தி உயிரணுவினுள்ளே மரபணுக்கள்வரை செல்ல, சில நொதிகள் மிகுதியாக ஆக்கப்படுகின்றன. அவை தசையிழைகளிடையே செறிந்த நார்ப்பொருளைக் கரைத்து இடைவெளி உண்டாக்க, நீர் அவ்வழியே கசிந்தேகுகிறது. தூர்ந்த வாய்க்காலைத் தூர்வாருதல் போலும் இது. ஆயின் மண்வெட்டியை மருந்து கொணரவில்லை, கண்ணே செய்துகொள்கிறது.

குறைகளும் உள. சிலர்க்குக் கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரை கருமை மிகுந்து, அந்நிறம் மாறாமலே நின்றுவிடும். இமைமயிர் நீண்டு அடர்வதும் உண்டு. இப்பின்னையதனைக் குறையெனக் கொள்ளாதாரும் இருந்தனர் போலும். இவ்வினத்ததான பிமட்டோபிராஸ்ட் 2008-இல் அமெரிக்காவில் இமைமயிர் வளர்க்கும் மருந்தாகவே இசைவு பெற்றது!

பிட்டோ பின்னர்த் தாய்நாடு திரும்பிப் புதினங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று ஆபிரகாமையும் ஈசாக்கையும் பற்றியது. 2021-இற் புடாபெஸ்ட் நகரிற் காலமானார்.