தாம்போதியில் நின்று எண்ணுதல்

ஓர் ஊருக்கு எத்தனை பேர் வந்தனர் என்ற தொகையைக் கண்டே நாம் மகிழ்ந்துவிடுகிறோம். வந்தவர் எவ்வழியே சென்றார், எங்கே தங்கினார், எப்பொழுது மீண்டார் என்பவையன்றோ உல்லாசப் பயணத்தைத் திட்டமிடுவோர் அறியவேண்டியவை!

மன்னாரின் பழைய கதையைப் பாருங்கள். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்குப் புகையிரதமும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சென்ற பெருங்கூட்டம் இத்தீவின் வழியாகவே சென்றது. ஆயினும் இறங்குதுறையில் கப்பலை விட்டவர் உடனே புகையிரதமேறிக் கொழும்பு நோக்கிப் போயினர். தொகை பெரிது, ஊருக்கு வந்த பயன் சிறிது.

இன்றைய நிலையும் ஏறத்தாழ அதுவே. ஆவணித் திருவிழாவுக்கு மடுத் திருத்தலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். சிவராத்திரியன்று திருக்கேதீச்சரம் நிரம்பி வழிகிறது. இவ்விரு தலங்களும் பெருநிலத்தில் உள்ளன. தாம்போதியைக் கடவாமலே அடியார் திரும்பிவிடலாம். கடந்து வருவோரும் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், தலைமன்னார் என்று ஒரே கோட்டிற் சென்று, மாலைக்குள் மீள்வதற்கு வசதியுண்டு. வங்காலைச் சரணாலயத்துக்குப் பறவை காண வருவோரின் போக்கு வேறு. பூநாரைகளும் வலசை வாத்துகளும் வரும் மாரிக் காலத்தில், விடியற் பொழுதிலேயே நீர்க்கரையில் நிற்க விரும்புவோர் முதல்நாள் இரவே இங்குத் தங்கியாக வேண்டும். நூறு பேருந்துகள் தராத வருவாயை இத்தகைய சிலர் தரக்கூடும்.

வெனிசு நகரும் பாலத்தால் கரையோடு இணைந்த தீவே. அங்குக் கைத்தொலைபேசிச் சமிக்ஞைகளையும் ஒளிப்படக் கருவிகளையும் கொண்டு மக்கள் நடமாட்டத்தைக் கணிக்கின்றனர். 2024 முதல், குறித்த சில நாள்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வருவோரிடம் கட்டணமும் வாங்குகின்றனர். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வீதிவழியே வருவோர்க்குத் தாம்போதி ஒன்றே வாயில். உயர்தர வகுப்புப் புவியியல் மாணவர் சிலர் அங்கே நின்று, மணிக்கு எத்தனை வண்டிகள் புகுந்தன, எத்தனை வெளியேறின என்று குறிக்கலாம். உள்ளூராரும் அவ்வழியே போய்வருவதால், எங்கிருந்து வருகிறீர்கள், இரவு எங்கே தங்குவீர்கள் என்ற இரு வினாக்களும் அவசியம்.

இதில் தண்ணீர்ச் சிக்கலும் உண்டு. இம்மணற்றீவின் நன்னீர் மெல்லிய படலமாகவே நிலத்தடியில் நிற்கிறது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். எந்த மாதத்தில் எத்தனை பேர் தங்குவர் என்றறியாமல் விடுதிகளைப் பெருக்கினால், அயல்வீட்டுக் கிணறே முதலிற் கெடும்.

அடுத்த சிவராத்திரி வாரத்திலேயே எண்ணத் தொடங்கலாம். கொப்பியும் பென்சிலும், நிழலுக்கு ஒரு கொட்டிலும் போதும்.