சத்து மாத்திரைக்கு அடங்காத சோகை

கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கு மருந்து தொடங்கிச் சில வாரங்களில் வயிற்று வலி குறைந்துவிடும். அதற்குப் பிறகும் உடம்பு எழுந்திருக்க மறுக்கும். சென்ற வாரம் பரிசோதனைகளைப் பார்த்தோம். இந்த வாரம் இந்தச் சோர்வு.

மலேசியாவின் கேமரன் மலையில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். குளிர், செங்குத்தான சரிவு, விடியற்காலை வேலை என்று அசதிக்குக் காரணங்கள் அங்கே தாராளம். வயிற்றுப்போக்கு என்றால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்கும். 'அசதியாக இருக்கிறது' என்று எம்.சி. கேட்டுப் பாருங்கள், சோம்பேறி என்ற பட்டம்தான் கிடைக்கும்.

இந்தச் சோர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் சோகை இருக்கும். தோட்டத் தமிழருக்கு அது புதிதல்ல. ஜே.ஏ. ரசல் 1929இல் அந்த மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன்பே, 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய சாமுவேல் டார்லிங்கின் குழு மலாயா, ஜாவா, பிஜி என்று சுற்றிக் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. புழுவைத் தேடி வந்தவர்கள் மலேரியாவையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டும் சேர்ந்து குறைத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் நம் வீடுகளில் தங்கிப்போனது, சோகை என்றால் பூச்சி மருந்தும் சத்து மாத்திரையும் என்ற பழக்கம்தான்.

இன்று வேறொரு காரணத்தையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் கிந்தா பள்ளத்தாக்கு, ஈப்போ அங்கேதான். அந்தப் பள்ளத்தாக்கில் குடல் அழற்சி நோய்கள் எவ்வளவு பேருக்கு இருக்கின்றன என்று ஐடா ஹில்மியும் சக மருத்துவர்களும் எடுத்த கணக்கு 2015இல் வெளியானது. மலேசியாவில் இப்படி ஒரு கணக்கு எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறியது. ஆனால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பிரித்துப் பார்த்தபோது, விகிதம் மிக அதிகமாக இருந்தது இந்தியரிடம். மலேசிய இந்தியரில் பெரும்பாலோர் தமிழர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சோகை ஏன் சத்து மாத்திரைக்கு அடங்குவதில்லை? புண்ணான குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவது ஒரு பக்கம். அழற்சி மூண்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரப்பது இன்னொரு பக்கம். அது உணவிலிருக்கும் இரும்பை உள்ளே விடாது; ஏற்கெனவே சேமித்ததையும் வெளியே விடாது. ஸ்டோரில் அரிசி மூட்டை இருந்தும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சாவியைத் தராத கதை. அதனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஃபெரிட்டின் 60, 70 என்று நல்லபடியாகத் தெரிந்தாலும் நம்பிவிடக் கூடாது. அழற்சி இருக்கும்போது அந்த எண் தானாகவே ஏறும். 100 வரை இருந்தாலும் இரும்புக் குறை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தாலோ, அறுத்து எடுத்திருந்தாலோ வைட்டமின் பி12 உடம்பில் சேராது. அதற்கு ஊசிதான் பெரும்பாலும் வழி.

உயரமும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் சோகை என்பது சமவெளிக் கணக்கு. 1500 மீட்டர் உயரத்தில் வாழ்பவருக்கு அந்த எல்லையை அரை கிராமாவது உயர்த்த வேண்டும். தானா ராத்தா ஏறக்குறைய அந்த உயரம். அங்கே 12.2 என்று வந்த சீட்டைப் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவது அவசரம்.

தேயிலை நாட்டில் தேநீரைக் குறை சொல்வது எனக்கே சங்கடம்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1975இல் வெளியானது. சோற்றோடு தேநீர் குடித்தால் அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று அது காட்டியது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கரையாததாக்கிவிடுகிறது. தே தாரிக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரையிலும் ஒரு சிக்கல். மலம் கறுக்கும், வயிறு புரட்டும். கிரோன் நோயாளிக்கு அது மாத்திரையின் வேலையா, ரத்தக் கசிவா, நோய் மறுபடி கிளம்பிவிட்டதா என்று தெரியாமல் மனம் பதறும். நோய் தீவிரமாக இருக்கும்போதும், ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கிவிட்டாலும், டாக்டர்கள் பெரும்பாலும் நரம்பு வழியாகவே இரும்பை ஏற்றுகிறார்கள். குடலைத் தாண்டிப் போவதால் கிராணியின் தொந்தரவும் குறைவு. ஆனால் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தை ஏற்றிக்கொண்ட சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைகிறது. அந்தக் குறையும் சோர்வாகத்தான் வெளிப்படும். இரும்பு ஏற்றியும் அசதி கூடினால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் தளர்ச்சி விடாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளே அடங்காமல் புகையும் அழற்சி, ஸ்டீராய்டு கெடுத்த தூக்கம், சொல்லாமல் வைத்திருக்கும் மனச்சோர்வு என்று அதற்குப் பல வேர்கள். அடுத்த வாரம் ஸ்டீராய்டிலிருந்து தொடங்குவோம்.