பிரெட்டுக்கு மாற்றாக விதைத் தட்டை

உடல்நலம் குன்றியவருக்குப் பிரெட் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நோயாளியைக் காண வருவோரின் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். காய்ச்சல் நாள்களில் எளிதில் செரிக்கும் என்பதால் அதில் தவறில்லை. காய்ச்சல் தணிந்த பின்னரும் அதுவே அன்றாடக் காலை உணவாக நிலைத்துவிடும்போதுதான், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, சிக்கல் தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் இணைந்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

பழுப்பு நிற பிரெட் வாங்கினால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். நிறத்தை நம்ப வேண்டாம்; உறையைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதலிடத்தில் மைதா இருப்பின், நிறம் எதுவாயினும் அது மைதா பிரெட்டே.

சுவீடன், நார்வே நாடுகளில் மொறுமொறுப்பான, உலர்ந்த தட்டை ரொட்டி நெடுங்காலமாக உண்ணப்படுகிறது. நம் ஊர்த் தட்டையை ஒத்ததாயினும் இது எண்ணெயில் பொரிக்கப்படுவதில்லை. விதைகளைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்யலாம்.

தேவையானவை

ஆளிவிதை, எள், பூசணி விதை, சூரியகாந்தி விதை ஒவ்வொன்றும் 50 கிராம். கம்பு மாவு 100 கிராம். இசப்கோல் 1 மேசைக்கரண்டி. நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. சீரகம், உப்பு தலா அரைத் தேக்கரண்டி. கொதிநீர் சுமார் 200 மி.லி. மயிலாப்பூர் கச்சேரி சாலை போன்ற இடங்களிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் ஆளிவிதை கிடைக்கும்.

செய்முறை

ஆளிவிதையில் பாதியைக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். அனைத்தையும் கொதிநீரில் கலந்து 15 நிமிடம் ஊறவிடவும். எண்ணெய் தடவிய தட்டில் 3 மி.மீ. கனத்தில் பரப்பி, 24 துண்டுகளாகக் கீறி, 150 டிகிரி வெப்ப ஓவனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுடவும். ஓவன் இல்லாதோர் கனமான தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் இருபுறமும் உலர வாட்டலாம். நம் கடற்கரை நகரின் ஈரக்காற்றில் தட்டை விரைவில் நமுத்துவிடும். நன்கு ஆறிய பின் காற்றுப் புகாத கலத்தில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் உண்ண வேண்டாம்.

எவ்வளவு உண்ணலாம்?

ஒரு வேளைக்கு இரண்டு துண்டுகள் போதும். அவற்றில் சுமார் 150 கலோரி உண்டு. இரண்டு துண்டு பிரெட்டிலும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே இது உடலை இளைக்கச் செய்யும் உணவன்று. வேறுபாடு மாவுச்சத்தில் உள்ளது: பிரெட்டில் ஏறக்குறைய 25 கிராம், இதில் 7 கிராம் அளவே. நார்ச்சத்தும் இதில் கூடுதல்.

கவனிக்க வேண்டியவை

இந்த வேறுபாடே சிலருக்கு இடராகவும் அமையலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களும், வழக்கமான மருந்தளவை எடுத்துக்கொண்டு காலை உணவாக இத்தட்டையை மட்டும் உண்டால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகவும்; 15 நிமிடத்தில் சர்க்கரை அளவை மீண்டும் பார்க்கவும். உணவை மாற்றும் முன் எங்களிடம் கேளுங்கள். மருந்தளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் விதைகளிலுள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் காரணமாக மருத்துவரின் ஒப்புதலின்றி இதனை உண்ணலாகாது. விழுங்குவதில் சிரமம், குடல் அடைப்பு, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை உண்போர் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும். அனைவரும் இதனுடன் போதிய நீர் பருகுவது அவசியம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, ஒரு வாரத்துக்குரிய உங்கள் உணவுக் குறிப்பையும் சர்க்கரை அளவுகளையும் எழுதி எடுத்து வாருங்கள். இத்தட்டை உங்களுக்கு ஏற்றதா என்பதை அவற்றைக் கொண்டு சேர்ந்தே முடிவு செய்யலாம்.